எங்கள் முதல் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்

என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் ஆவடிப் பக்கம் நான்கு பேர் சேர்ந்து நடத்திய ஒரு ராக் பேண்டின் முதலும் கடைசியுமான கேசட். அட்டையில் பேண்டின் பெயர், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. அதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு ஹிட்டும் கிடையாது. அதற்குப் பின்னாலும் கிடையாது. பேண்டின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, அந்த அளவுக்காவது எனக்குக் கூச்சம் மிச்சம் இருக்கிறது. அந்தக் கேசட் வெளிவந்து ஏழெட்டு வருஷம் வரைக்கும் நான் அதைக் கேட்கவே இல்லை. காரணம் பொறாமை, வேறொன்றுமில்லை.

சிலருக்குப் பொறாமை வந்தால் வயிறு எரியும். எனக்குக் காது சுடும். இதை எழுத உட்காரும்போதும் லேசாகச் சுடுகிறது.

அப்பா ஃபேக்டரியில் டர்னர். திருவண்ணாமலைப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு டைப் டூ வீடு. நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாக இருந்தேன். எனக்கு ஏழு வயது இளையவள் ஒரு தங்கை. இவ்வளவுதான் குடும்பம். நான் கிடார் வாசிக்கிறேன் என்பது குடும்பத்துக்குத் தெரியும், அதைப் பெருமையாகவோ சிறுமையாகவோ யாரும் நினைத்ததில்லை. சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதுபோல அதுவும் ஒன்று.

பேண்டில் அப்போது மூன்று பேர். டிரம்ஸ் வாசித்தவன் சென்னீர்குப்பத்துக்காரன். அவனுடைய மாமா அங்கே ஹைவேஸ் ஓரமாக லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். கீபோர்டு வாசித்தவன் பட்டாபிராமில் ஒரு சர்ச்சில் ஞாயிறு காலை ஆராதனைக்கு வாசித்துவிட்டு, மதியம் எங்களோடு வந்து சேர்ந்துகொள்வான். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. பாதி கட்டி முடித்து நிற்கும் லாரிதான் எங்கள் மேடை. தளத்துக்குப் பலகை அடித்திருப்பார்கள், பின்கதவு இன்னும் மாட்டியிருக்க மாட்டார்கள். அந்தத் திறந்த பக்கம் சபை என்று வைத்துக்கொள்வோம். சபையில் பெரும்பாலும் இரண்டு நாய்களும் டீக்கடைப் பெஞ்சும்தான் இருக்கும். தளத்தின் விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளி, நட்டநடுவில் நான் நிற்பேன். கிடார் என்னிடம்தான் இருந்தது, பாட்டும் நான்தான் பாடினேன். ஆகவே நடு என்னுடையது. வாழ்க்கையில் வேறெங்கும் எனக்கு நடு கிடைத்ததில்லை. ஷாப் ஃப்ளோரில் கடைசி மெஷின், ரயிலில் கதவோரம், வீட்டில் கூடத்து மூலையில் பாய். அந்த லாரியின் நடுப்பலகையை நான் சொத்துபோல அனுபவித்தேன்.

கிடார் சர்ச்சில் கழித்துப் போட்டது. கீபோர்டுக்காரன் மூலமாக வந்தது. கழுத்து லேசாக வளைந்திருந்ததால் கம்பிக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு பென்சிலையே செருகலாம். ஆறு கம்பியையும் ஒரே விரலால் சேர்த்து அழுத்த வேண்டிய சுரக்கூட்டு, கிடார்க்காரர்கள் கார்டு என்பார்கள், அது வரும்போது, என் ஆள்காட்டி விரல் ஊரையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் வந்து சேரும். நான் சொந்தமாகக் கட்டிய மெட்டு ஒன்றே ஒன்று. தினமும் ரயிலில் ஆவடியில் ஏறி அம்பத்தூரில் இறங்குவதற்குள், பத்து நாளாக முணுமுணுத்துக் கட்டியது. ஸ்டேஷனில் காத்திருக்கும் ஒருவனைப் பற்றிக் கீபோர்டுக்காரன் அதற்கு வரிகள் எழுதினான். பல்லவியின் இரண்டாவது வரி முடியும் இடத்தில் அந்தப் பாழாய்ப்போன கார்டு வரும். அங்கே நான் எப்போதும் தாளத்துக்கு அரைத் தட்டு தாமதம். வீட்டில் வாசித்துப் பழகும்போது, பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் தங்கை அந்த இடம் வந்ததும் தலையைத் தூக்காமலே, "ரயில் வந்துட்டிருக்கு, வந்துட்டிருக்கு... வந்துடுச்சு!" என்பாள். தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு மறுபடி வாசிப்பேன். மறுபடியும் ரயில் லேட்டாகத்தான் வரும்.

நான்காவது ஆளைப் பேண்டுக்குக் கூட்டிவந்தவனே நான்தான். இதை நினைக்கும்போதுதான் காது அதிகமாகச் சுடும்.

குவார்ட்டர்ஸில் அதிகாரிகள் வீடுகள் இருக்கும் தெரு வழியாக ஒரு சாயங்காலம் வந்துகொண்டிருந்தேன். ஒரு ஜன்னலிலிருந்து எலெக்ட்ரிக் கிடார் சத்தம் கேட்டது. ரேடியோ இல்லை, யாரோ வாசிக்கிறார்கள் என்று தெரிந்ததும் கால் நின்றுவிட்டது. வெட்கத்தை விட்டுக் கேட்டைத் தட்டினேன். அவன் வந்து திறந்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன். அப்பா ஜபல்பூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வடக்கே வளர்ந்திருந்தாலும் வீட்டுத் தமிழ் அப்படியே நாக்கில் இருந்தது. "உள்ள வாங்கண்ணே" என்று முதல் வார்த்தையிலேயே என்னை அண்ணன் ஆக்கிவிட்டான். சிவப்பு கிடார். கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் காகிதம்கூடப் போகாது. வாசித்துப் பாருங்கள் என்று உடனே கையில் கொடுத்தான். அந்தக் கார்டு என் விரலுக்கே சட்டென்று வந்தது. அப்போதே எனக்கு அவனைப் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். கிடார் ஆசையில் அடுத்த ஞாயிறே மற்ற இரண்டு பேரையும் அவன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்குத்தான் அந்த வெளிநாட்டுக் கேசட்டைக் காட்டினான். அவன் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. தலைமுடி தோளில் புரளும் நான்கு பேர் ஒரு செங்கல் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள், ஒருவர்கூட கேமராவைப் பார்க்கவில்லை. நாங்கள் அதுவரைக்கும் ராக் இசையைக் கேட்டதெல்லாம் பதிவு செய்து விற்கும் கடைகளில், கையால் பெயரெழுதிய கேசட்களில்தான். அச்சடித்த அட்டையோடு ஒரு அசல் கேசட்டை அப்போதுதான் முதன்முதலாகக் கையில் பிடித்தோம். டிரம்ஸ்காரன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்.

"இன்னா மாமே போட்டுக்கீது? கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்னா இன்னா?"

எங்கள் மூவரில் ஆங்கிலம் தெரிந்தவன் என்று பெயரெடுத்தவன் நான். புதியவன் எதிரில் அந்தப் பெயரை விட்டுவிட முடியுமா? "பெரிய பேண்டுங்க கேசட் போட்டா அப்படித்தான் பேர் வைப்பாங்க. நம்ம ஊர்ல படம் வர்றதுக்கு முன்னாடியே சூப்பர் ஹிட் பாடல்கள்னு கேசட் வருதில்ல, அந்த மாதிரி" என்று அடித்துவிட்டேன். நம் சினிமா கேசட்களைப் பார்த்து வளர்ந்த யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ரிலீஸே ஆகாமல் பெட்டிக்குள் போன படங்களுக்குக்கூட 'சூப்பர் ஹிட்' கேசட் கடையில் தொங்கும்.

புதியவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். என்னைப் பார்த்தான். பிறகு, "அண்ணே சொல்லுதது சரிதான்" என்று கேசட்டை மெஷினில் போட்டான்.

அடுத்த ஞாயிறிலிருந்து பட்டறைக்கு அவனும் வந்தான். கிடார், பெட்டி, கேபிள் எல்லாவற்றையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஆவடியிலிருந்து சென்னீர்குப்பம் வரைக்கும் மிதித்துக்கொண்டு வருவான். அவன் வாசிப்பைப் பற்றி நான் நல்லபடியாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவன் வந்த இரண்டாவது வாரம் டீக்கடைக்காரர் பெஞ்சைத் திருப்பிப் போட்டார். அதுவரை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெஞ்சு லாரியைப் பார்த்தது.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, என் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தோம். அந்த இடம் வந்தது. என் ரயில் லேட்டாக வந்தது. பாட்டு முடிந்ததும் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு சொல்லுதேன். ரெண்டாவது வரி முடியுத எடத்துல அரைத் தட்டு லேட்டாகுதுல்லா?"

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது லேட் இல்லப்பா. வேணும்னேதான் விடறேன். அந்த இடத்துல ஒரு மூச்சு வேணும். ஸ்டேஷன்ல காத்திருக்கிறவன் பாட்டு இல்லையா?" என்றேன்.

டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னா மூச்சு மாமே? உனுக்குக் கையி வரல, அத்த சொல்லு!" கீபோர்டுக்காரன் சிரிப்பை மறைக்கக் குனிந்து ஒயரைத் தேடினான். சிரிக்காதவன் அவன் மட்டும்தான். "ஓ, மூச்சா? சரிண்ணே, புரியுது" என்று தலையாட்டினான். மற்ற இருவர் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. அவன் சிரிக்காததுதான் பொறுக்கவில்லை. நையாண்டியைக்கூட மரியாதையாகச் செய்கிறான் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்களை ஃபேக்டரிக்குள் வாசிக்கக் கூப்பிட்டார்கள். வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு, வாழைக்கன்று, பொரிகடலை. அம்மாவும் தங்கையும் பட்டுப்புடவை, பாவாடையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் ஏறும்போது டிரம்ஸ்காரன் என் தோளைத் தட்டி, "மாமே, நடுவுல அவன் நிக்கட்டும். அவன் கிடாருதான் பளபளன்னு கீது" என்றான். "இல்லண்ணே, நீங்க நில்லுங்க" என்று அவன் நகர்ந்தான். "பரவாயில்ல, நில்லு" என்று நானே பெரிய மனசு பண்ணி, பாட்டையும் கீபோர்டுக்காரனிடம் விட்டுவிட்டு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் தனியாக வாசித்த இடத்தில் வெல்டிங் ஷாப்பே எழுந்து கை தட்டியது. மறுநாள் அப்பா வீட்டுக்கு வந்து, ஃபோர்மேன் அவரிடம், "ஸ்பீக்கர் பக்கத்துல நின்ன பையன் உங்க பையனாமே, மைக் செட் நல்லா பாத்துக்கிட்டான்" என்று சொன்னதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மாவும் சிரித்தாள். நான் பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனேன்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. அவனுடைய குறைகளைத் தேடுவதுதான் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். பாட்டில் 'ழ' சரியாக வராது என்று கண்டுபிடித்தேன். சைக்கிளை எப்போதும் நிழலில்தான் நிறுத்துவான், சுயநலம் என்று முடிவு கட்டினேன். இவ்வளவுதான் கிடைத்தது. அவனோ ஒவ்வொரு வாரமும் எனக்கு எதையாவது கொண்டுவந்தான். ஒரு வாரம் புதுக் கம்பி, ஒரு வாரம் கேபிள், ஒரு வாரம் அவன் அம்மா செய்த மனோகரம். கம்பியை வாங்கி மாட்டிக்கொண்டேன், மனோகரத்தையும் தின்றேன். நன்றி மட்டும் வாயில் வரவில்லை.

கேசட் போடும் யோசனை கீபோர்டுக்காரனுடையது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் ரெக்கார்டிங் அறை ஒன்று இருந்தது. தேர்தலுக்கு ஆட்டோவில் கட்டிவிடும் பிரசாரம், துணிக்கடை விளம்பரம், கோயில் திருவிழாப் பாட்டு எல்லாம் அங்கேதான் பதிவாகும். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். நாங்கள் நான்கு பேரும் போய்ப் பேசினோம். அறைக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கெழம வந்தா உண்டு நைனா. ஆடி பொறந்துச்சுன்னா எனுக்கு மூச்சு உட நேரமிருக்காது, எல்லாம் அம்மன் பாட்டு. அத்த உட்டா ஆவணிக்கு மேலதான். இன்னா பேரு போடணும் அட்டைல?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டிரம்ஸ்காரன்தான் முந்திக்கொண்டான். "கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்னு போட்டுருங்கோ. பெரிய பேண்டுங்கோ எல்லாம் அப்டித்தான் வெப்பாங்கோ, நம்ம ஆளு சொல்லிக்கீறான்" என்று என்னைக் காட்டினான். நான் பெருமையாகத் தலையாட்டினேன். அறைக்காரர் சிவப்பு கிடார்க்காரன் பக்கம் திரும்பி, "சரிதானா தம்பி?" என்றார். அவன் கொஞ்சம் சிரித்தமாதிரி இருந்தது. "நல்ல பேருதான்" என்றான்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது டிரம்ஸ்காரன் அந்தக் குண்டைப் போட்டான். "மாமே, கோச்சுக்காத. உன் பாட்டுக்கும் அவனே கிடார் வாசிக்கட்டும். கேசட்டு ஆச்சே, காலத்துக்கும் நிக்கும். உனுக்கு அந்த எடத்துல வெரலு வந்து சேர மாட்டேங்குதே."

"அது அண்ணே பாட்டுல்லா. அண்ணேதான் வாசிக்கணும்" என்று அவன் சொன்னான். அதையாவது அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்காக இன்னொருவன், அதுவும் அவன், வாதாடும் நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று காது இரண்டும் கொதித்தன. "வேணாம், நீயே வாசி" என்று டம்ளரை வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீடு வந்து சேர்வதற்குள் திட்டம் தயார். பதிவு இருப்பதையே வீட்டில் சொல்லப்போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஜுரம் வரப்போகிறது. நான் இல்லாமல் என் பாட்டைப் பதிவு செய்ய அவர்களுக்கு மனசு வராது. பதிவை ஆவணிக்குத் தள்ளிவைத்துவிட்டு மூன்று பேரும் வீட்டுக்கு வந்து நிற்பார்கள். கெஞ்சுவார்கள். நான் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுச் சம்மதிப்பேன். அதற்குள் விரலையும் பழக்கிவிடலாம்.

அக்குளில் வெங்காயம் வைத்துப் படுத்தால் உடம்பு சுடும் என்று பள்ளிக்கூட நாளில் கேள்விப்பட்டது. இருபது வயதில் அதைச் செய்து பார்த்தவன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உடம்பு சுடவில்லை, நாற்றம்தான் வந்தது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கஞ்சி வைத்தாள். தங்கைதான் போர்வையை விலக்கி மோந்து பார்த்து, "அம்மா, சாம்பாருக்கு வெங்காயம் தேடினியே, இங்க இருக்கு" என்று கத்தினாள். அவள் வாயை மூட முழுசாக ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. கீபோர்டுக்காரன் காலையில் வந்து என்னைப் பார்த்துவிட்டு, "ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் போர்வைக்குள் வியர்த்துக்கொண்டு, கேட் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், கேட் திறந்தது. மூன்று பேரும் வந்தார்கள். அவன் கையில் ஒரு ரொட்டியும் ஆறு சாத்துக்குடியும் இருந்தன, ஆஸ்பத்திரிக்கு வருவதுபோல. நான் முனகலைச் சரியான அளவுக்கு ஏற்றி வைத்துக்கொண்டேன்.

"முடிஞ்சிடுச்சு மாமே!" என்றான் டிரம்ஸ்காரன் நுழையும்போதே. "எட்டுப் பாட்டு, ஒரே மூச்சுல. உன் பாட்ட கடைசீல வெச்சிக்கீறோம். சும்மா கிழிச்சிட்டான்!"

என் பாட்டை நான் இல்லாமலே முடித்துவிட்டார்கள். அவன் வாசித்து, கீபோர்டுக்காரன் பாடி, எல்லாம் முடிந்துவிட்டது. கெஞ்சுவதற்கு யாரும் வரவில்லை, சாத்துக்குடி கொடுக்கத்தான் வந்திருக்கிறார்கள். அவன் கட்டில் பக்கத்தில் குந்தி, "மன்னிச்சுக்கோங்கண்ணே. ஆடி வந்துட்டா அறை கெடைக்காதுன்னாங்க. உங்க பாட்டை விட்டுட்டு கேசட் போட எங்க யாருக்கும் மனசில்ல. கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நிஜமாகவே தலை வலிக்க ஆரம்பித்திருந்தது.

கேசட் வந்தது. ஐம்பது காப்பி. அட்டையில் லாரி மேல் மூன்று பேர் நிற்கும் போட்டோ, கறுப்பு வெள்ளையில். எனக்கு இரண்டு கொடுத்தார்கள். ஒன்றை எஸ்டேட்டில் யாருக்கோ கொடுத்துவிட்டேன். மற்றதைச் சுற்றியிருந்த கண்ணாடிக் காகிதத்தைக்கூடப் பிரிக்காமல் டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய ஸ்வெட்டருக்குக் கீழே வைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவன் எங்கள் வீட்டுக்கே வந்தான். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான், நிழல்கூடத் தேடவில்லை.

"கேட்டீங்களாண்ணே?"

"கேட்டேன். நல்லா இருக்கு."

"அந்த எடம்? ரெண்டாவது வரி முடியுத எடம்... சரியா வந்திருக்கா?"

இதைச் சொல்லிக் காட்டத்தான் வந்தாயா என்று நினைத்தேன். "வந்திருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவன் இன்னும் ஏதோ நான் சொல்வேன் என்று காத்திருந்தமாதிரி நின்றான். நான் சொல்லவில்லை. சரிண்ணே என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

மறு வருஷம் அவன் அப்பாவுக்கு மறுபடியும் மாற்றல். போவதற்கு முதல் நாள் அந்த வெளிநாட்டுக் கேசட்டை என்னிடம் கொடுத்தான். "நீங்கதாண்ணே இதை நெறையத் தடவை கேட்டீங்க, வச்சுக்கோங்க" என்றான். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், கை வாங்கிவிட்டது. அவன் போன பிறகு பேண்டும் போயிற்று. டிரம்ஸ்காரன் மாமாவின் பட்டறையைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினான், கீபோர்டுக்காரன் சர்ச்சோடு நின்றுகொண்டான். நடுப்பலகை காலியாகத்தான் இருந்தது. ஆனால் நான் போய் நிற்கவில்லை.

வெளிநாட்டுக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டேன். ஒரு நாள் அட்டையை முழுசாக விரித்து உட்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படித்தேன். ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் ஒரு வருஷம், ஒரு ஆல்பத்தின் பெயர். எல்லாம் வேறு வேறு வருஷம், வேறு வேறு ஆல்பம். மெல்ல உறைத்தது. பல வருஷம் வாசித்து, பல ஆல்பம் போட்டு, அதில் ஜெயித்த பாட்டுகளை மட்டும் கடைசியில் பொறுக்கித் தொகுத்தால்தான் அது கிரேட்டஸ்ட் ஹிட்ஸ். முதல் கேசட்டுக்கு அந்தப் பேரை வைத்த பேண்டு உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். அவனுக்கு இது முதல் நாளே தெரியும். அட்டையைப் படிக்காமலா இருந்திருப்பான்? அண்ணே சொல்லுதது சரிதான், நல்ல பேருதான் என்று சொல்லிச் சொல்லி என்னை முட்டாளாக்கிவிட்டுப் போயிருக்கிறான் என்று தோன்றியது. நாலு சுவருக்குள் தனியாக உட்கார்ந்து அவனைத் திட்டித் தீர்த்தேன். டிரங்குப் பெட்டியில் இருந்த எங்கள் கேசட் மேலும் சில வருஷம் அங்கேயே கிடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். திருமுல்லைவாயிலில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருந்தோம். ஒரு சனிக்கிழமை காலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். தங்கை அப்போது ஸ்கூல் ஒன்றில் டீச்சராக இருந்தாள். ஆண்டு விழா டான்ஸுக்குப் பாட்டுப் பதிந்துகொள்ள அவளுக்கு கேசட் தேவைப்பட்டது. புதிதாக வாங்குவதை விட வீட்டில் கிடக்கும் பழசில் அழித்துப் பதிவது எங்கள் வழக்கம். ஒவ்வொன்றாக மெஷினில் போட்டு, ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே கட்டிலின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் என் பாட்டு கேட்டது.

அவள் டிரங்குப் பெட்டியைக் குடைந்து, கண்ணாடிக் காகிதத்தைக் கிழித்து, கடைசிப் பாட்டுக்குச் சுற்றியிருக்கிறாள். கீபோர்டுக்காரனுடைய குரல். முதல் வரி, இரண்டாவது வரி. அந்த இடம் வந்தது. சிவப்பு கிடாரில் அந்தக் கார்டு கண்ணிமைக்கும் நேரத்தில் வரும், எனக்கே வந்த கிடார் அது. ஆனால் அவன் வாசிக்கவில்லை. காத்திருந்தான். அரைத் தட்டு. பிறகு விழுந்தது. எனக்குக் கை தவறி ஸ்பேனர் காலில் விழுந்தது. அடுத்த பல்லவியிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. நான் வாசித்தால் ஒரு தடவை அரைத் தட்டு, ஒரு தடவை முக்கால் தட்டு என்று விரலின் இஷ்டத்துக்கு வரும். அவன் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு. கை வராமல் நான் சொன்ன பொய்யை நம்பி, அந்த மூச்சை அவன் அளந்து எடுத்து வைத்திருந்தான். பாட்டில் காத்திருக்கிறவன் அந்த இடத்தில்தான் நிஜமாகக் காத்திருந்தான்.

சரியா வந்திருக்கா அண்ணே என்று வாசலில் நின்று கேட்டது இதைத்தான். நான் கேட்காமலே, வந்திருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நல்லவனைப்போல இங்கே நான் அழுதேன் என்று எழுதலாம். அழவில்லை. முதலில் வந்தது பழைய சூடுதான். என் தவறைக்கூட என்னைவிட நன்றாக வாசித்திருக்கிறானே!

தங்கை கூடத்திலிருந்து சிரித்துக்கொண்டே கத்தினாள். "ரயில் வந்துட்டிருக்கு, வந்துட்டிருக்கு... வந்துடுச்சு! அண்ணா, இது நீ வாசிச்சதுதானே? கேட்டவுடனே தெரிஞ்சிடுச்சு!"

சமையலறையில் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த அம்மாவும் அப்பாவும் கூடத்துக்கு வந்து நின்றார்கள். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டாள். "இவ்வளவு நல்லா வாசிப்பியாடா நீ?" என்றாள். மைக் செட் கதையைச் சொல்லிச் சிரித்த அப்பாவின் முகம் இப்போது அப்படி இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவன் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அரைத் தட்டுகூட ஆகாது.

"அப்போ வாசிச்சேம்மா" என்றேன்.

தங்கை அந்தக் கேசட்டை அழிக்கவில்லை, தனியாக எடுத்து வைத்தாள். எங்கள் வீட்டில் இன்றுவரைக்கும் அது நான் வாசித்த பாட்டு.